இருபத்தேழாவது அவுட் ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

1988 அக்டோபர் 15, லாஸ் ஏஞ்சலஸ், டாட்ஜர் ஸ்டேடியம். பேஸ்பால் உலகத் தொடரின் முதல் ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியில் இரண்டு அவுட் ஆகிவிட்டது, டாட்ஜர்ஸ் 3-4 எனப் பின்தங்கி நிற்கிறது. இரண்டு காலிலும் காயத்தோடு நொண்டி நொண்டி வந்து நின்ற கர்க் கிப்ஸன் அடித்த பந்து வலப்பக்க கேலரிக்குள் போய் விழுகிறது. டாட்ஜர்ஸ் 5-4. அந்தப் பதிவை இன்று ஓடவிட்டாலும் பந்து போகும் திசையில், கேலரிக்கு அப்பால், கார் நிறுத்துமிடத்தில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். அவை ஆட்டம் முடிந்தது என்று கிளம்பியவர்களின் கார்களுடைய பிரேக் விளக்குகள்.

அந்தக் கார்க்காரர்களைக் கிண்டல் செய்வது பேஸ்பால் ரசிகர்களுக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலான பொழுதுபோக்கு. கணக்கைப் பார்த்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம். எட்டு இன்னிங்ஸ் முடிவில் முன்னிலையில் இருக்கும் அணி நூற்றுக்குச் சுமார் 95 ஆட்டங்களை வெல்கிறது. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே தனி பிட்ச்சர் (பந்து எறிபவர்) வைத்துக்கொள்ளும் வழக்கம் வருவதற்கு முன்பும் இந்த விகிதம் ஏறத்தாழ இதேதான். ஒரு ரன் பின்தங்கி, இரண்டு அவுட், பேஸ் (ரன் எடுக்க வரிசையாகத் தொட்டுச் சுற்றிவர வேண்டிய நிலைகள்) காலி என்றால் பேட் செய்யும் அணி வெல்லும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு. போக்குவரத்து நெரிசலுக்கு முன் வீடு போய்ச் சேர நினைப்பவனுக்கு அது நல்ல பந்தயம்தான்.

அப்படியிருந்தும் இத்தகைய ஆட்டம் ஒன்று நடந்துவிட்டால் ரசிகன் அதை வாழ்நாள் முழுவதும் சுமக்கிறான். "கிப்ஸன் அடித்த அந்த ஹோம் ரன்" என்று, பந்து சுவரைத் தாண்ட அடித்தவரும் பேஸில் இருந்தவரும் ரன் எடுத்த அந்தக் கடைசி அடியை மட்டும் சுமக்கிறான் என்பதுதான் விஷயம். கடைசி நேரத் திருப்பங்களை பேட்டர் பேட்டராகப் பிரித்துப் பார்த்தால், ஆட்டம் திரும்பிய புள்ளி பெரும்பாலும் அந்த அடிக்கு ஒன்று அல்லது இரண்டு பேட்டர் முன்னால் இருக்கும். அங்கே யாரும் எழுந்து நின்று கத்தியிருக்க மாட்டார்கள். அது ஒரு வாக்காக (அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போவது) இருக்கலாம், திருடிய ஒரு பேஸாக (பிட்ச்சர் எறியும்போதே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது) இருக்கலாம், பிட்ச்சர் கைதவறி எறிந்த பந்தாக இருக்கலாம்.

கடிகாரம் இல்லாததன் விலை

கால்பந்தில் முன்னிலையில் உள்ள அணி பந்தை மூலைக் கொடியருகே கொண்டுபோய் நேரத்தைக் கரைக்கும். ஒருநாள் கிரிக்கெட்டில் துரத்தும் அணிக்கு விக்கெட் மட்டுமல்ல, பந்தும் தீர்ந்துகொண்டே வரும். கடைசி ஓவரில் 25 வேண்டும் என்கிற நிலையில் முதல் இரண்டு பந்து வீணானால் போதும், சிக்ஸராக அடித்தாலும் நான்கு பந்தில் 24தான். பேஸ்பாலில் இந்த இரண்டு பூட்டுமே கிடையாது. ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட், மொத்தம் 27. கடைசி அவுட்டை எடுக்கும்வரை எதிரணி எத்தனை ரன் வேண்டுமானாலும் எடுக்கலாம், அதற்கு மேல்வரம்பு இல்லை. முன்னிலையில் இருக்கிறோம் என்பதற்காகப் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. எதிரணி அடிக்கக்கூடிய இடத்தில் எறிந்துதான் அவுட் எடுத்தாக வேண்டும்.

2023-ல் வந்த பிட்ச் கிளாக் இதை மாற்றவில்லை. அது ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையிலான இடைவெளியைத்தான் எண்ணுகிறது. பேஸ் காலியாக இருந்தால் 15 விநாடி, ஆள் இருந்தால் முதல் வருஷம் 20, 2024 முதல் 18. தாமதித்தால் பிட்ச்சருக்கு ஒரு பால், பேட்டருக்கு ஒரு ஸ்ட்ரைக் தண்டனை (நான்கு பால் சேர்ந்தால் பேட்டருக்கு வாக், மூன்று ஸ்ட்ரைக் சேர்ந்தால் அவர் அவுட்). சொல்லப்போனால் இது முன்னிலையில் உள்ள அணிக்குத்தான் சங்கடம். பதற்றத்தில் இருக்கும் பிட்ச்சர் முன்பெல்லாம் மவுண்டை, அதாவது தான் நின்று எறியும் மேட்டைச் சுற்றி நடப்பார், பொடிப்பையைத் தட்டுவார், தொப்பியைக் கழற்றி மாட்டுவார். இப்போது அதற்கெல்லாம் நேரம் இல்லை. பயிற்சியாளரோ கேட்சரோ மவுண்டுக்குப் போய்ப் பேசுவதும் 2024 முதல் ஓர் ஆட்டத்துக்கு நான்கு முறைதான். ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது கையிருப்பு தீர்ந்திருந்தால் ஒன்று கூடுதலாகத் தருவார்கள்.

சமன் செய்யும் ரன் எங்கே நிற்கிறது

அனுபவமுள்ள ரசிகன் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கோர்போர்டை அதிகம் பார்ப்பதில்லை. அவன் மனதுக்குள் ஓடும் கேள்வி ஒன்றுதான்: ஆட்டத்தைச் சமன் செய்யும் ரன் இப்போது எங்கே? டக்அவுட்டில் (ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் இடம்) உட்கார்ந்திருக்கிறதா, அடுத்து ஆட வட்டத்தில் நிற்கிறதா, பேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதா, பேஸில் நிற்கிறதா?

மூன்று ரன் பின்தங்கியிருந்தால் அந்த ரன் மூன்றாவது பேட்டர். முன்னால் ஒருவர் அவுட்டானால் அது இன்னும் ஒருவர் தள்ளிப்போகும். இருவர் பேஸில் ஏறிவிட்டால் அடுத்து வருபவரின் ஒரே வீச்சில் ஆட்டம் சமன். அந்த இருவரும் எப்படி ஏறினார்கள் என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை. பேஸ் காலியாக இருக்கும்போது முதல் பேஸுக்கு அடித்துப் போவதும், நான்கு பால் வாங்கி நடந்து போவதும், பந்து உடம்பில் பட்டுப் போவதும் கணக்கில் சரிசமம். கைதட்டலில்தான் வித்தியாசம்.

ஓர் அளவுக்காக: யாரும் அவுட்டாகாமல் பேஸ் காலியாக இருக்கும் நிலையிலிருந்து அந்த இன்னிங்ஸில் சராசரியாக அரை ரன் வரும். மூன்று பேஸும் நிறைந்து, அவுட் இல்லையென்றால் இரண்டேகால் ரன்னைத் தாண்டும். அதே நிறைந்த பேஸ், ஆனால் இரண்டு அவுட் என்றால் முக்கால் ரன்தான். அதாவது ஆட்டத்தின் உண்மையான நாணயம் அவுட்தான். இரண்டு அவுட்டுக்குப் பிறகு வரும் திருப்பங்கள் அத்தனை அரிதாக இருப்பதும், அத்தனை கொண்டாடப்படுவதும் இதனால்தான்.

வர்ணனையாளர்கள் சிலர் நான்கு ரன் பின்தங்கிய நிலையில் வரும் ஒற்றை ஹோம் ரன்னை "எழுச்சியைக் கெடுத்துவிட்டது, பேஸ் காலியாகிவிட்டது" என்பார்கள். இதற்குக் கணக்கில் இடமே இல்லை. பேஸில் நிற்கும் ஆள் ரன்னாக மாறலாம், மாறாமலும் போகலாம். ஹோம் ரன் ஏற்கெனவே ரன். பிட்ச்சரின் மனநிலை என்று அவர்கள் சொல்ல வருவது வேறு. பேஸில் ஆள் இருந்தால் அவர் ஒருக்களித்து நின்று, காலை உயர்த்தாமல் எறிய வேண்டும், அந்த அவசரத்தில் பந்து இடம் தவறும். அதில் உண்மை உண்டு, ஆனால் ஒரு ரன்னைவிடப் பெரிய உண்மை இல்லை.

முன்னிலை எப்படிக் கரைகிறது

ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வருபவர் குளோசர். மூன்று ரன்னோ அதற்குக் குறைவாகவோ முன்னிலை இருக்கும்போது வந்து, முழு இன்னிங்ஸ் எறிந்து ஆட்டத்தை முடித்தால் அவருக்கு ஒரு சேவ். 1969 முதல் இது அதிகாரபூர்வக் கணக்கு. இவர் வழக்கமாக 15 முதல் 20 பந்துக்குள் வேலையை முடிப்பவர். இரண்டு பேட்டர் ஆளுக்கு எட்டு பந்து எடுத்துக்கொண்டாலே அந்த அளவு எட்டிவிடும். தொடர்ந்து மூன்றாவது நாளாக எறிய வந்தவர் என்றால் வேகம் அவ்வளவாகக் குறையாவிட்டாலும் குறி முதலில் போகும். ஸ்லைடர் (வளைந்து இறங்கும் பந்து) கீழே விழ வேண்டிய இடத்தில் விழாமல் நடுவில் தங்கும்.

அதனால்தான் பின்தங்கிய அணியின் பேட்டர்கள் முதல் பந்திலேயே வீசுவதில்லை. நிற்பார்கள், பார்ப்பார்கள், பிட்ச்சர் ஸ்ட்ரைக் எறிந்து காட்டட்டும் என்பார்கள். இரண்டு பால், ஸ்ட்ரைக் இல்லை என்ற நிலை வந்துவிட்டால் அடுத்த பந்து நடுவே வரும் ஃபாஸ்ட்பாலாகத்தான் இருக்கும் என்று இருவருக்குமே தெரியும். மாறாக, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் இன்றைய பேட்டர்களின் சராசரி .200-க்கு, அதாவது பத்துக்கு இரண்டு அடிக்குக் கீழே போய்விடுகிறது. பிட்ச்சரின் தவறு வாக் கொடுத்தது மட்டுமல்ல. வாக் கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் அடுத்தவருக்கு நடுவில் எறிவதுதான் பெரிய தவறு.

குளோசர் தடுமாறுகிறார் என்றால் மாற்றிவிடலாமே? அங்கேயும் கயிறு உண்டு. 2020 முதல், வந்த பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டரைச் சந்திக்க வேண்டும், அல்லது இன்னிங்ஸை முடிக்க வேண்டும். ஒரே ஒரு இடக்கை பேட்டருக்காக இடக்கை பிட்ச்சரை இறக்கி உடனே தூக்கும் பழைய தந்திரம் போய்விட்டது. புல்பென்னில் (மாற்று பிட்ச்சர்கள் தயாராகும் இடம்) இன்னொருவர் எறிந்து சூடாவதற்கும் சில நிமிடம் தேவை. மேலாளர் ஒரு பேட்டர் தாமதமாகத் தொலைபேசியை எடுத்தால் அந்த நிமிடம் திரும்பக் கிடைக்காது.

இவையெல்லாம் ஒன்றுசேர்ந்து நடந்த இன்னிங்ஸ்தான் அந்த 1988 ஒன்பதாவது. ஓக்லண்டின் டென்னிஸ் எக்கர்ஸ்லி அந்த வருஷம் 45 சேவ் எடுத்தவர், வாக் கொடுப்பதில் மகா கஞ்சர். இரண்டு அவுட் எடுத்தபின் வந்தவர் மைக் டேவிஸ், முந்தைய வருஷம் ஓக்லண்டிலேயே ஆடியவர். அடுத்து ஆடுபவருக்கான வட்டத்தில் டாட்ஜர்ஸ் மேலாளர் டாமி லசோர்டா நிறுத்திவைத்தது டேவ் ஆண்டர்சனை. அவர் ஹோம் ரன் அடித்துப் பயமுறுத்தும் ஆளில்லை. டேவிஸை ஜாக்கிரதையாகக் கையாண்டு, வேண்டுமானால் விட்டுவிட்டு, ஆண்டர்சனை எடுத்துக்கொள்ளலாம் என்று எதிரணி நினைக்கட்டும் என்பது திட்டம். டேவிஸ் வாக் வாங்கினார். ஆண்டர்சன் உள்ளே போனார், கிப்ஸன் வெளியே வந்தார். நடுவே டேவிஸ் இரண்டாவது பேஸைத் திருடினார். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்கில் வந்த ஸ்லைடரை கிப்ஸன் கைகளின் பலத்தை மட்டும் வைத்து அடித்தார். சிவப்பு விளக்குக் கார்களில் இருந்தவர்கள் தவறவிட்டது ஹோம் ரன்னை மட்டுமல்ல. அதைச் சாத்தியமாக்கிய வாக்கைப் பார்த்திருந்தால் அவர்களில் பாதிப் பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி ஆட்டத்தை அந்த இடத்திலேயே முடித்துவைக்கும் அடிக்கு "வாக்-ஆஃப்" என்ற பெயர் புழக்கத்துக்கு வந்ததும் எக்கர்ஸ்லியின் வாய்மொழியிலிருந்துதான், அதே 1988-ல். பிட்ச்சர் தலையைக் குனிந்து மவுண்டைவிட்டு நடந்து போக வேண்டியதுதான் என்ற பொருளில் அவர் சொன்னது. இன்று ஜெயித்தவர்கள் அதைக் கொண்டாட்டச் சொல்லாக்கிவிட்டார்கள்.

எல்லோருக்கும் தெரிந்த திருட்டு

2004 அக்டோபர் 17, பாஸ்டன் ஃபென்வே பார்க். அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் யாங்கீஸ் 3-0 என்று முன்னிலை. நான்காவது ஆட்டத்திலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் 4-3. எறிபவர் மரியானோ ரிவேரா, குளோசர்களுக்கெல்லாம் குளோசர். ரெட் சாக்ஸின் கெவின் மில்லார் வாக் வாங்குகிறார். அவருக்குப் பதிலாக ஓட டேவ் ராபர்ட்ஸ் வருகிறார். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்பது மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ரிவேரா முதல் பேஸுக்கு மூன்று முறை எறிந்து பார்த்தார். பில் மில்லருக்கு எறிந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் கிளம்பினார். கேட்சர் ஹோர்ஹே பொசாடாவின் எறிதல் நன்றாகவே வந்தது, டெரெக் ஜீட்டரின் கையுறை ஒரு கண்ணிமைப்பு பிந்தியது. பிறகு மில்லர் பிட்ச்சரைக் கடந்து நடுவே அடித்தார், ராபர்ட்ஸ் வீடு (ரன் முடியும் ஹோம் பிளேட்) வந்தார், 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன், 6-4. ரெட் சாக்ஸ் அந்தத் தொடரை நான்குக்கு மூன்று என்று வென்றது. 0-3-லிருந்து ஒரு தொடரை வென்ற முதல் மேஜர் லீக் அணி அதுதான். 86 வருஷக் கோப்பை வறட்சியும் அந்த மாதமே முடிந்தது.

பாஸ்டன் ரசிகர்கள் இந்த ஒரு விஷயத்தில் விதிவிலக்கு. ஓர்டிஸின் ஹோம் ரன்னுக்குச் சமமாக ராபர்ட்ஸின் அந்தத் திருட்டையும் அவர்கள் கொண்டாடுகிறார்கள். மில்லாரின் வாக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கொண்டாடலாம்.

இன்றைய விதியை அந்த நிமிடத்தின் மேல் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 2023 முதல் ஒரு பேட்டர் நிற்கும்போது பிட்ச்சர் மவுண்டிலிருந்து காலை எடுப்பதற்கு, பேஸுக்கு எறிவதற்கும் சேர்த்து, இரண்டு வாய்ப்புதான். மூன்றாவது முறை எறிந்து ஆளை அவுட் ஆக்காவிட்டால் அது பால்க், ரன்னருக்கு அடுத்த பேஸ் இலவசம். ரிவேராவின் மூன்றாவது எறிதலுக்கு இன்று ராபர்ட்ஸ் ஓடாமலேயே இரண்டாவது பேஸுக்குப் போயிருப்பார். பேஸின் பக்க அளவும் 15 அங்குலத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது, முதலுக்கும் இரண்டுக்கும் இடையே நாலரை அங்குலம் குறைவு. ஜீட்டரின் கையுறை பிந்தியது அவ்வளவுகூட இருக்காது.

பழி யார் மேல் விழுகிறது

திருப்பத்தின் மறுபக்கம் தோற்றவர்களின் நினைவு. அது இன்னும் மோசமாகச் சுருங்கும், ஒரே ஓர் ஆளின் ஒரே ஒரு கணமாக.

1986 அக்டோபர் 25, நியூயார்க் ஷே ஸ்டேடியம், உலகத் தொடர் ஆறாவது ஆட்டம். தொடரில் ரெட் சாக்ஸ் 3-2. பத்தாவது இன்னிங்ஸில் 5-3. மெட்ஸின் முதல் இருவர் அவுட், பேஸ் காலி. இங்கிருந்து கேரி கார்ட்டர் ஒரு அடி, கெவின் மிட்செல் ஒரு அடி, இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் ரே நைட் ஒரு அடி. மூன்றும் சாதாரண ஒற்றை அடிகள், எதுவும் எல்லைச் சுவரைத் தொடவில்லை. 5-4. பிட்ச்சர் கால்வின் ஷிரால்டியை எடுத்துவிட்டு பாப் ஸ்டான்லியைக் கொண்டுவருகிறார்கள். மூக்கி வில்சன் அவருக்கு எதிராகப் பத்துப் பந்து நிற்கிறார். இடையில் ஸ்டான்லியின் ஒரு பந்து வில்சனின் காலடியை நோக்கி வந்து, அவர் துள்ளி விலக, கேட்சரைத் தாண்டி ஓடுகிறது. மூன்றாவது பேஸிலிருந்த மிட்செல் வீடு வருகிறார். 5-5. நைட் இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் முதல் பேஸ் பக்கம் உருண்ட பந்து பில் பக்னரின் கால்களுக்கிடையே போனது. 6-5.

பக்னரின் கையுறைக்குள் அந்தப் பந்து புகுந்திருந்தாலும், அவுட்டே ஆகியிருந்தாலும், ஆட்டம் பதினோராவது இன்னிங்ஸுக்குத்தான் போயிருக்கும். முன்னிலை ஏற்கெனவே போய்விட்டது. அப்படியே தோற்றாலும் ஏழாவது ஆட்டம் ஒன்று பாக்கி இருந்தது. அதையும் ரெட் சாக்ஸ் 8-5 என்று தோற்றது. கணுக்கால் வலியோடு ஆடிய பக்னருக்குப் பதிலாக அந்தத் தொடரின் முந்தைய வெற்றிகளில் கடைசி இன்னிங்ஸ்களுக்கு டேவ் ஸ்டேபிள்டனை இறக்கிய மேலாளர், அன்று இறக்கவில்லை. இத்தனை கண்ணிகள் இருந்தும் பல வருஷம் திட்டு வாங்கியது ஒரே ஆள். ஒரு நீண்ட இன்னிங்ஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரிய யாராலும் முடியாது, ஒரு படத்தை மட்டும்தான் முடியும். அந்தப் படத்தில் பக்னர் இருந்தார்.

2011 அக்டோபர் 27 செயின்ட் லூயிஸிலும் இதே கதை. டெக்ஸஸ் ரேஞ்சர்ஸ் கோப்பைக்கு ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில் இரண்டு முறை நின்று, இரண்டு முறையும் தவறவிட்டது. ஒன்பதாவதில் 7-5, இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக். டேவிட் ஃப்ரீஸ் அடித்தது வலப்புறம் நெல்சன் குரூஸின் தலைக்கு மேல் போனது. பேஸில் இருந்த ஆல்பர்ட் பூஹோல்ஸும் வாக் வாங்கியிருந்த லான்ஸ் பெர்க்மனும் வீடு வந்தார்கள். இத்தகைய நேரத்தில் வெளிக்களத்துக்காரர்கள் சுவரை ஒட்டி நிற்பது பாலபாடம். முன்னால் விழும் பந்தால் ஒரு பேஸ்தான் போகும், தலைக்கு மேல் போகும் பந்தால் முன்னிலையே போகும். குரூஸ் போதுமான அளவு பின்னால் இல்லை, பந்தைத் துரத்திய பாதையும் நேராக இல்லை.

பத்தாவதில் ஜாஷ் ஹாமில்டனின் ஹோம் ரன்னால் ரேஞ்சர்ஸ் மறுபடி 9-7. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் இரண்டு ஒற்றை அடி. பிறகு களமிறங்கியது கைல் லோஷ், ஒரு பிட்ச்சர்! மேலாளர் டோனி லா ரூஸாவிடம் பேட்டர்கள் தீர்ந்துபோயிருந்தார்கள். அவர் பந்தைத் தட்டிவிட்டு இருவரையும் ஒரு பேஸ் நகர்த்தினார். ஒரு அவுட்டின் விலையில் ஒரு ரன், பூஹோல்ஸுக்கு வேண்டுமென்றே ஒரு வாக், பிறகு இரண்டு ஸ்ட்ரைக்கில் பெர்க்மனின் அடி, 9-9. பதினோராவதில் ஃப்ரீஸின் ஹோம் ரன். படத்தில் நிற்பவர் ஃப்ரீஸ். லோஷின் அந்தத் தட்டு இல்லாவிட்டால் பதினோராவது இன்னிங்ஸே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பெரிய முன்னிலைக்கு வேறு விதமான ஆபத்து. 2001 ஆகஸ்ட் 5 அன்று கிளீவ்லாண்டில் சியாட்டில் மரினர்ஸ் 14-2. அந்த வருஷம் 116 ஆட்டம் வென்று சாதனையைச் சமன் செய்த அணி அது. இத்தகைய ஆட்டத்தில் இரு மேலாளர்களும் முக்கிய ஆட்டக்காரர்களை உட்காரவைப்பார்கள், புல்பென்னின் கடைசி வரிசை ஆட்கள் எறிய வருவார்கள். அங்கேதான் ஓட்டை. கிளீவ்லாண்ட் ஏழாவதில் மூன்று, எட்டாவதில் நான்கு, ஒன்பதாவதில் ஐந்து ரன் எடுத்தது. கடைசி மூன்றும் இரண்டு அவுட்டுக்குப் பிறகு ஓமர் விஸ்கெலின் ஒரே அடியில் வந்தவை. பதினோராவதில் ஒன்று, 15-14. நல்ல பிட்ச்சர்களை சியாட்டில் அழைத்தபோது நேரம் கடந்திருந்தது. 12 ரன் இடைவெளியை மூடுவது மேஜர் லீக் வரலாற்றில் அதற்குமுன் 1911-லும் 1925-லும் மட்டுமே நடந்திருந்தது.

நகராதே

இப்போது கேலரிக்கு வருவோம். கடைசி இன்னிங்ஸில் ரசிகன் என்ன செய்கிறான்? முதலில், தோல்வியை முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறான். அது ஒருவிதத் தற்காப்பு. எட்டாவது இன்னிங்ஸிலேயே அணியைத் திட்டி, மேலாளரைத் திட்டி, துக்கத்தை முக்கால்வாசி கழித்துவிட்டால் ஒன்பதாவது வலிக்காது. அந்த நிலையில் ஒரு வாக் வரும். எரிச்சல்தான் வரும், மறுபடி நம்ப வைக்கப் பார்க்கிறார்களே என்று. அடுத்து ஒரு ஒற்றை அடி. இப்போது பேச்சு நின்றுவிடும். தொப்பியை உள்வெளியாகத் திருப்பி மாட்டுவது இந்த நேரத்தில்தான். ரேலி கேப் என்ற அந்த வழக்கத்தை 1986 மெட்ஸ் ரசிகர்கள் நாடெங்கும் பரப்பினார்கள். ஏஞ்சல்ஸின் மைதானமான அனாஹைமில் 2000 முதல் திரையில் குதிக்கும் குரங்கு. 2002 உலகத் தொடர் ஆறாவது ஆட்டத்தில் ஏஞ்சல்ஸ் 0-5 என்று பின்தங்கி, தொடரையே இழக்க எட்டு அவுட் இருக்கும் நிலையிலிருந்து 6-5 என்று வென்றபின் அந்தக் குரங்கைப் பழிக்க யாருக்கும் வாய் வரவில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான விதி, உட்கார்ந்த இடத்திலிருந்து நகரக் கூடாது என்பது. இதில் ரசிகனுக்கும் ஆட்டக்காரனுக்கும் பேதமில்லை. 1986-ன் அந்த ஆறாவது ஆட்டத்தில் இரண்டாவது அவுட்டான மெட்ஸின் கீத் ஹெர்னாண்டஸ் வெறுத்துப்போய் உள்ளே மேலாளர் அறைக்குப் போய் உட்கார்ந்தார். அடிகள் விழத் தொடங்கியதும் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. தொலைக்காட்சியில்தான் பார்த்தார். பந்துக்கும் நாற்காலிக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியாதா என்ன. கையில் பேட் இல்லாதபோது செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

திரையில் வெற்றி வாய்ப்பு 1% என்று காட்டும்போது ரசிகன் அதை "நடக்காது" என்று வாசிக்கிறான். ஒரு சீசனில் மேஜர் லீக்கில் 2,430 ஆட்டம். தோற்கும் அணி ஏறக்குறைய எல்லா ஆட்டத்திலும் எங்கேயோ ஓரிடத்தில் அந்த 1%-ஐக் கடந்துதான் தோற்கிறது. கணிப்பு சரியாக இருந்தால் அப்படி நூறில் ஒன்று திரும்பியாக வேண்டும். அதாவது லீக் முழுவதும் சீசனுக்கு இருபதுக்கு மேல். 30 அணிக்குப் பகிர்ந்தால் ஓர் அணிக்கு வருஷத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. லீக்குக்கு இது வாரச் செய்தி, ரசிகனுக்கு வருஷத்தில் ஒருநாள், சில வருஷம் அதுவும் இல்லை. இரண்டுமே உண்மை.

வெளியூர் அணி திரும்பி வரும்போது அனுபவம் வேறு. 2025 உலகத் தொடர் ஏழாவது ஆட்டம் டொரோண்டோவில். புளூ ஜேஸ் 4-3, கோப்பைக்கு இரண்டு அவுட் பாக்கி. டாட்ஜர்ஸின் மிகெல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்ததும் மைதானம் அப்படியே அடங்கியது. ஆனால் சமன் என்பது வெற்றியல்ல. டாட்ஜர்ஸ் ரசிகர்கள் அடுத்த பாதியில் மூன்று பேஸும் நிறைந்து ஒரே அவுட் என்ற நிலையைச் சகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பதினோராவதில் வில் ஸ்மித்தின் ஹோம் ரன் வந்தபின்னும் மூன்று அவுட் பாக்கி. சொந்த மைதானத்தில் வாக்-ஆஃப் வந்தால் கத்திவிட்டு முடித்துக்கொள்ளலாம். வெளியூரில் கத்தியபின் மறுபடி நகம் கடிக்க வேண்டும்.

வாக்-ஆஃபுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, கொண்டாட்டத்தில் அதை மறந்தவர்கள் உண்டு. ஆட்டம் முடிவது பந்து சுவரைத் தாண்டியதும் அல்ல. வெல்லும் ரன் முறைப்படி வீடு வந்து சேர வேண்டும், ஹோம் ரன் அடித்தவர் எல்லாப் பேஸையும் தொட வேண்டும். 1999 நேஷனல் லீக் இறுதித் தொடரில் மெட்ஸின் ராபின் வென்டுரா மூன்று பேஸும் நிறைந்திருக்க பந்தைச் சுவருக்கு அப்பால் அடித்தார். இரண்டாவது பேஸை எட்டுவதற்குள் சக ஆட்டக்காரர்கள் தூக்கிக்கொண்டாடிவிட்டதால் பதிவேட்டில் அது ஒற்றை அடியாகவே நிற்கிறது. மெட்ஸுக்கு ஒரு ரன் போதும் என்பதால் நஷ்டமில்லை.

1976 அக்டோபர் 14, யாங்கி ஸ்டேடியம். ஒன்பதாவதில் 6-6, கிரிஸ் சாம்ப்லிஸ் ஹோம் ரன் அடித்து யாங்கீஸை உலகத் தொடருக்கு அனுப்பினார். அவர் முதல் பேஸைத் தாண்டுவதற்குள் ரசிகர்கள் களத்தில் இறங்கிவிட்டார்கள். தோளால் இடித்துக்கொண்டு ஓடியவர் ஹோம் பிளேட்டை நெருங்க முடியாமல் அப்படியே டக்அவுட்டுக்குள் போய்விட்டார். பிளேட்டைத் தொட்டாயா என்று உள்ளே கேட்டார்கள். போலீஸ் துணையோடு மறுபடி வெளியே வந்து பார்த்தபோது ஹோம் பிளேட் அங்கே இல்லை. யாரோ ஒருவர் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார். அது இருந்த குழியைக் காலால் தொட்டுவிட்டு அவர் உள்ளே போனார்.